பையனைத் தேடினார்களா, சோதித்தார்களா? ஆங்கிலத்தின் ‘தேடு’ சொற்கள்

‘த போலீஸ் சர்ச்ட் த பாய்’ என்று ஒரு வாக்கியம். ‘த போலீஸ் சர்ச்ட் ஃபார் த பாய்’ என்று இன்னொன்று. நடுவில் ‘ஃபார்’ என்ற குட்டிச் சொல் ஒன்றுதான் கூடுதல். முதல் வாக்கியத்தில் பையன் போலீஸ்காரர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அவர் அவனுடைய சட்டைப்பையைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவதில் பையனையே காணோம். ஆங்கிலச் செய்தியை அவசரமாக வாசிப்பவர் இரண்டையுமே ‘போலீஸார் பையனைத் தேடினார்கள்’ என்று எடுத்துக்கொண்டால், பிடிபட்டவன் தொலைந்தவன் ஆகிவிடுவான்.

இந்தக் குழப்பத்தின் தொடக்கம் அகராதியில் இருக்கிறது. லுக் ஃபார், சர்ச், சீக், ஹன்ட், ஸ்கவர், ரம்மேஜ் என்று எதைப் புரட்டினாலும் ‘தேடு’ என்ற ஒரே சொல்தான் முதலில் வந்து நிற்கும். அகராதியைக் குறை சொல்ல முடியாது; எல்லாமே தேடல்தான். ஆனால் ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றைப் போட்டால் சில சமயம் வாக்கியம் செயற்கையாக ஒலிக்கும், சில சமயம் பொருளே மாறிப்போகும். எது எங்கே பொருந்தும் என்பதை ஒவ்வொரு சொல்லின் அர்த்தத்தைவிட, அந்தச் சொல் தனக்குப் பக்கத்தில் எதை உட்காரவைக்கிறது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

(தமிழ் எழுத்தில் தேவாலயமும் தேடலும் ‘சர்ச்’ என்று ஒன்றுபோலவே தெரிகின்றன. இந்தக் கட்டுரையில் வரும் சர்ச் எல்லாம் தேடல்தான்.)

## மூன்று உறுப்புகள், ஒரு நாற்காலி

எந்தத் தேடலை எடுத்தாலும் அதில் மூன்று உறுப்புகள் உண்டு.

1. தேடுகிற ஆள்
2. தேடப்படும் பொருள்
3. தேடல் நடக்கும் இடம்

தமிழ் இவற்றை வேற்றுமை உருபால் பிரிக்கிறது. ‘சாவியை மேசையில் தேடினேன்’ என்றாலும் ‘மேசையில் சாவியைத் தேடினேன்’ என்றாலும் ஒன்றுதான். பொருளுக்கு ‘ஐ’, இடத்துக்கு ‘இல்’ என்று ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. சொற்கள் எந்த வரிசையில் வந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு அப்படிப்பட்ட உருபு இல்லை. இரண்டே வழிகள்தான். வினைச்சொல்லை ஒட்டினாற்போல் நேராக வந்து உட்காரலாம்; அதுதான் நேர்ச் செயப்படுபொருள். இல்லாவிட்டால் ஃபார், இன், த்ரூ போன்ற ஒரு முன்னிடைச்சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு வரலாம். வினைக்குப் பக்கத்தில் இருக்கும் நாற்காலி ஒன்றுதான். அதில் பொருள் உட்காருமா, இடம் உட்காருமா என்பதை ஒவ்வொரு தேடல் சொல்லும் தன் போக்கில் தீர்மானித்து வைத்திருக்கிறது.

தமிழில் ‘தேடு’ என்றால் அந்த நாற்காலி எப்போதும் பொருளுக்கே. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் இடறுகிறோம்.

## சர்ச்: வட்டமடித்துப் பிறந்த சொல்

சர்ச் என்ற வினை நாற்காலியை இடத்துக்குக் கொடுக்கிறது. ஏன் என்று கேட்டால் சொல்லின் பிறப்பு பதில் சொல்லும். பிற்கால லத்தீனில் ‘சிர்காரே’ என்றால் சுற்றிவருதல். வட்டம் என்று பொருள்படும் ‘சிர்குஸ்’ அதன் வேர். சர்க்கஸும் சர்க்கிளும் அதே குடும்பம்தான். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சர்ச் ஆனது. ஓர் இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது என்பதுதான் அதன் ஆதிப் பொருள். சுற்றுவது என்றால் இடத்தைத்தான் சுற்ற முடியும், சாவியைச் சுற்ற முடியாது.

ஒரு வேடிக்கை: அதே வேரிலிருந்து பிறந்த இன்றைய பிரெஞ்சுச் சொல்லான ‘ஷெர்ஷே’, தமிழின் ‘தேடு’ போலப் பொருளையே பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் போய்விட்டார்கள்.

சர்ச்சின் பயன்பாட்டை நான்கு வாக்கியங்களில் பார்த்துவிடலாம்.

1. ‘ஷி சர்ச்ட் த ரூம்.’ அறையைச் சோதித்தாள். எதைத் தேடினாள் என்ற பேச்சே இல்லை.
2. ‘ஷி சர்ச்ட் ஃபார் த கீ.’ சாவியைத் தேடினாள். எங்கே என்று சொல்லவில்லை.
3. ‘ஷி சர்ச்ட் த ரூம் ஃபார் த கீ.’ சாவிக்காக அறை முழுக்கத் தேடினாள். மூன்று உறுப்புகளும் வந்துவிட்டன.
4. ‘ஷி சர்ச்ட் த கீ.’ சாவிக்குள் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டுச் சாவியையே சோதித்தாள்.

நம்மவர்கள் அதிகம் எழுதுவது நான்காவது. அதில் இலக்கணப் பிழை என்று எதுவும் இல்லாததால் கணினியின் பிழைதிருத்தி அதைப் பிடிக்காமல் விட்டுவிட வாய்ப்புண்டு. வாசிக்கிற ஆங்கிலேயர்தான் ஒரு நொடி புருவத்தை உயர்த்துவார்.

மனிதனும் இந்தக் கணக்கில் ஓர் ‘இடம்’ ஆகிவிடுகிறான். அதனால்தான் ஒருவரை ‘சர்ச்’ செய்தார்கள் என்றால் உடலைச் சோதித்தார்கள் என்று ஆகிறது. சட்டத்தில் இந்தப் பொருள் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1791-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம், நியாயமற்ற ‘சர்ச்’களிலிருந்து ஆட்களுக்கும் வீடுகளுக்கும் தாள்களுக்கும் உடைமைகளுக்கும் பாதுகாப்பு தருகிறது. அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் சோதனை போடப்படும் இடங்கள். சர்ச் வாரன்ட்டைத் தமிழில் ‘சோதனை ஆணை’ என்று சொல்வது மிகச் சரியான மொழிபெயர்ப்பு. ‘தேடுதல் ஆணை’ என்றால் ஆளைத் தேடுவது போலாகிவிடும்.

இதே சொல் பெயர்ச்சொல்லாக மாறும்போது இன்னொரு சிக்கல். ‘எ சர்ச் ஆஃப் த ஹவுஸ்’ என்றால் வீட்டுச் சோதனை; ‘எ சர்ச் ஃபார் த கீ’ என்றால் சாவிக்கான தேடல். ஆஃப் வந்தால் இடம், ஃபார் வந்தால் பொருள். சரி, விதி கையில் கிடைத்துவிட்டது என்று நிமிரும்போது ‘இன் சர்ச் ஆஃப்’ வந்து நிற்கும். ‘இன் சர்ச் ஆஃப் த பாய்’ என்றால் பையனைத் தேடி. இங்கே ஆஃப் பொருளோடு போய்விட்டது. இந்த ஒரு தொடரை விதிவிலக்காக மனப்பாடம் செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

## லுக் ஃபார்: அன்றாடத்தின் சொல்

பேச்சில் பத்துக்கு எட்டுத் தடவை தேவைப்படுவது லுக் ஃபார்தான். கண்ணாடி, பேனா, வேலை, வீடு, சண்டை எல்லாவற்றுக்கும் பொருந்தும். இதில் நாற்காலித் தகராறே கிடையாது; பொருள் எப்போதும் ஃபாரோடுதான் வரும். ‘லுக்’ என்றால் பார்வையைத் திருப்புதல், ‘ஃபார்’ என்றால் அதற்காக. அவ்வளவுதான்.

சர்ச் ஃபாருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உழைப்பின் அளவில் இருக்கிறது. கூட்டமான ஓரிடத்தில் ஒரு குழந்தை தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிடம் பெற்றோர் இங்கும் அங்கும் பார்ப்பது ‘லுக்கிங் ஃபார்’. அப்புறம் காவலர்கள் வந்து, பகுதி பகுதியாகப் பிரித்து, ஆளுக்கொரு பக்கம் போகத் தொடங்கினால் அது ‘சர்ச்’. திட்டமும் முறையும் வந்துவிட்டன. தேடிப் போகும் குழுவை ‘சர்ச் பார்ட்டி’ என்பதும், மீட்புப் பணியை ‘சர்ச் அண்ட் ரெஸ்க்யூ’ என்பதும் அதனால்தான். மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை என்பதற்கு ‘சர்ச்சிங் ஃபார்’ போட்டால் தப்பில்லை, ஆனால் வீட்டையே தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்பவர் நினைப்பார்.

லுக் குடும்பத்தில் ஃபாரை மாற்றினால் ஆளே மாறிவிடுவார். லுக் அட் என்றால் பார்ப்பது, லுக் ஆஃப்டர் என்றால் கவனித்துக்கொள்வது, லுக் இன்டு என்றால் விசாரிப்பது, லுக் அவுட் ஃபார் என்றால் கண்ணில் படுகிறதா என்று விழிப்பாக இருப்பது. லுக் அப் மட்டும் தேடலுக்கு நெருக்கமானது: அகராதி, அட்டவணை, தொலைபேசிப் பட்டியல் போல ஒழுங்காக அடுக்கிவைத்த ஒன்றிலிருந்து ஒரு தகவலை எடுப்பது. சொல்லின் பொருளை ‘லுக் அப்’ செய்யலாம். தொலைந்த செருப்பை முடியாது.

இன்னொரு நுட்பம், பலரும் கவனிக்காதது. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ டாக்டர்’ என்றால் யாராவது ஒரு டாக்டர் வேண்டும். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் த டாக்டர்’ என்றால் இருவருக்கும் தெரிந்த அந்த டாக்டர் எங்கே என்று கேட்கிறேன். ‘எ’, ‘த’ என்ற சுட்டுகளை எங்கே போடுவது என்பதில் தடுமாறுகிறவர்கள் தமிழையே துணைக்கு அழைக்கலாம். ‘டாக்டர் தேடுகிறேன்’ என்கிறோம், ‘டாக்டரைத் தேடுகிறேன்’ என்கிறோம். முதலாவதில் எவரானாலும் சரி. இரண்டாவதில் குறிப்பிட்ட ஒருவர். ‘வீடு பார்க்கிறேன்’, ‘வீட்டைப் பார்க்கிறேன்’ என்பதும் அப்படியே. உருபு இல்லாமல் வந்தால் ‘எ’, ‘ஐ’ ஒட்டி வந்தால் ‘த’ என்று வைத்துக்கொண்டால் தேடல் வாக்கியங்களில் பெரும்பாலும் சரியாக வரும். மனிதரைக் குறிக்கும் சொற்களில் மட்டும் ‘ஒருவரைத் தேடுகிறேன்’ என்பது போல, குறிப்பிட்ட ஆள் இல்லாதபோதும் பல நேரம் ‘ஐ’ ஒட்டிக்கொள்ளும். அங்கே கொஞ்சம் கவனம் தேவை.

## ஃபைண்ட்: தேடலின் மறுகரை

‘ஐ ஆம் ஃபைண்டிங் மை ஃபோன்’ என்று சொல்பவர்கள் ஏராளம். ஃபோனைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் அவர்கள் சொல்ல நினைப்பது. ஆனால் ஃபைண்ட் தேடல் சொல்லே இல்லை. தேடல் முடியும் புள்ளி அது. அரை மணி நேரம் தேடலாம். அரை மணி நேரம் கண்டெடுத்துக்கொண்டே இருக்க முடியாது. அது ஒரு நொடியில் நடந்து முடிந்துவிடும்.

தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல் 1949-இல் இந்த வேறுபாட்டுக்குப் பெயர் வைத்தார்: ஒரு பக்கம் முயற்சியைச் சொல்லும் வினைகள், மறுபக்கம் சாதித்ததைச் சொல்லும் வினைகள். பார்ப்பது முயற்சி, கண்ணில் படுவது சாதனை. வேட்டையாடுவது முயற்சி, கண்டடைவது சாதனை. முயற்சி வினைகளைத்தான் ‘-இங்’ போட்டு நீட்டலாம்.

இரண்டுக்கும் இடையே இன்னொரு பள்ளமும் உண்டு. இல்லாத பொருளைத் தேடலாம், இல்லாத பொருளைக் கண்டெடுக்க முடியாது. 1973-இல் வெளியான, தர்க்க அறிஞர் ரிச்சர்ட் மாண்டேகுவின் கட்டுரையில் ‘ஜான் ஒற்றைக்கொம்புக் குதிரையைத் தேடுகிறான்’ என்ற வாக்கியம் வருகிறது. மொழியியல் மாணவர்கள் இன்றும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். உலகத்தில் அப்படியொரு குதிரை இல்லாவிட்டாலும் அந்த வாக்கியம் உண்மையாக இருக்கலாம். ‘கண்டெடுத்தான்’ என்று மாற்றினால், குதிரை இருந்தாக வேண்டும்.

ஃபைண்ட் அவுட் தனி ஆள். அது தகவலுக்கு மட்டும். ரயில் எத்தனை மணிக்கு என்று ‘ஃபைண்ட் அவுட்’ செய்யலாம். ரயில் டிக்கெட் தொலைந்தால் ‘ஃபைண்ட்’ மட்டும்தான். தமிழில் இரண்டுக்குமே ‘கண்டுபிடி’ என்று சொல்லிப் பழகியதால் வரும் வழுக்கல் இது.

## சீக்: சாவிக்கு ஆகாத சொல்

சீக் நாற்காலியைப் பொருளுக்குக் கொடுக்கிறது, அதுவும் முன்னிடைச்சொல் இல்லாமல். ‘சீக் ஹெல்ப்’, ‘சீக் பர்மிஷன்’, ‘சீக் அட்வைஸ்’. பழைய நூல்களில் ‘சீக் ஃபார்’ தென்படும். இன்று எழுதினால் பழைய வாசனை அடிக்கும்.

அப்படியானால் ‘ஐ ஆம் சீக்கிங் மை கீ’ சரிதானே? இலக்கணப்படி சரி, கேட்டால் சிரிப்பு வரும். சீக் கையில் பிடிக்கும் பொருட்களோடு ஒட்டுவதில்லை. உதவி, நீதி, அமைதி, அனுமதி, வேலை, அடைக்கலம் போன்றவைதான் அதன் துணைகள். தமிழில் இதற்கு ‘தேடு’வைவிட ‘நாடு’ பொருந்துகிறது. உதவியை நாடினார், நீதிமன்றத்தை நாடினார் என்கிறோம். சாவியை நாடினார் என்று யாரும் சொல்வதில்லை. இந்த ஒப்புமை முக்கால்வாசி இடங்களில் கைகொடுக்கும். ஐக்கிய நாடுகளின் 1948 மனித உரிமைப் பிரகடனம் 14-ஆம் பிரிவில் அடைக்கலத்தை ‘சீக்’ செய்யும் உரிமையைச் சொல்கிறது. அங்கே ‘லுக் ஃபார்’ என்று போட்டிருந்தால் யாரோ அடைக்கலத்தை எங்கோ வைத்துவிட்டு மறந்த மாதிரி இருந்திருக்கும்.

செய்தித் தலைப்புகளுக்கு சீக் மேல் தீராத காதல். நான்கே எழுத்து என்பது ஒரு காரணம். ‘சீக்ஸ் பெயில்’ என்றால் ஜாமீன் கேட்கிறார்; ‘சீக்ஸ் ரிப்ளை’ என்றால் பதில் கேட்டிருக்கிறார்கள். இங்கெல்லாம் ‘தேடு’ என்று மொழிபெயர்க்கவே கூடாது, ‘கோரு’தான் சரி. ‘ஜாமீன் தேடுகிறார்’ என்று எழுதினால் ஜாமீன் எங்கோ தொலைந்துபோனது போலிருக்கும்.

இதன் இறந்தகாலம் ‘சாட்’. ‘சீக்ட்’ என்று எழுதுபவர்கள் உண்டு, அது தப்பு. ‘சாட் ஆஃப்டர்’ என்றால் பலரும் விரும்பித் தேடுவது, கிராக்கி உள்ளது. பின்னால் ‘டு’வும் ஒரு வினையும் வந்தால் ‘சீக் டு’ என்பது முயற்சி செய்தல் என்று ஆகிவிடும். அங்கே தேடலே கிடையாது.

## ஒரே இழுப்பறை, ஐந்து சொற்கள்

இடத்தைப் புரட்டிப்போடும் சொற்கள்தான் ஆங்கிலத்தில் மிகச் செழிப்பான பகுதி. ஓர் இழுப்பறையை மனதில் வைத்துக்கொள்வோம். உள்ளே பழைய ரசீதுகள், சுருண்ட வயர்கள், மூடியில்லாத பேனாக்கள், நாணயங்கள். அடியில் எங்கோ ஒரு பழைய போட்டோ கிடக்கிறது.

அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தால் அது ‘கோ த்ரூ’. கையை உள்ளே விட்டு மேலும் கீழுமாகக் கிளறினால் ‘ரம்மேஜ்’. ரசீதுகளை மட்டும் வெளியே எடுத்து, வேண்டியது வேண்டாதது என்று பிரித்துப் பார்த்தால் ‘சிஃப்ட் த்ரூ’. ஒரு மூலையும் விடாமல் வரிசையாகத் துழாவினால் ‘சர்ச்’. இழுப்பறையையே உருவி, தரையில் கவிழ்த்துக் கொட்டி, பாதியை மிதித்துவிட்டுப் போனால் ‘ரான்சாக்’.

ரம்மேஜ் கப்பலிலிருந்து இறங்கிவந்த சொல். கப்பலின் அடித்தளத்தில் சரக்கை அடுக்கும் வேலையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. அடுக்குவது எப்படிக் கிளறுவது ஆனது? அடுக்கிய சரக்குக்கு நடுவில் கடத்தல் பொருள் இருக்கிறதா என்று சுங்க அதிகாரிகள் நகர்த்தி நகர்த்திப் பார்த்ததும் அதே பெயரில் நடந்தது. சுங்கத் துறையில் கப்பலைச் சோதிப்பதற்கு ‘ரம்மேஜ்’ என்ற சொல் தொழில் வழக்காகவே நிலைத்தது. அந்தப் பொருள்தான் வீட்டு அலமாரிக்கும் வந்து சேர்ந்தது. இதை ‘ரம்மேஜ் த்ரூ’ அல்லது ‘ரம்மேஜ் இன்’ என்று முன்னிடைச்சொல்லோடு சொல்வதே வழக்கம்.

ரான்சாக்கின் கதை இன்னும் நேரடியானது. பழைய நார்ஸ் மொழியில் ‘ரன்’ என்றால் வீடு, ‘சாகா’ என்பது தேடலைக் குறிக்கும் சொல், நம் சீக்கின் உறவினர். திருட்டுப் பொருள் இருக்கிறதா என்று வீடு புகுந்து தேடுவதுதான் ரான்சாக். சட்டப்படி நடந்த சோதனையைக் குறித்த சொல், காலப்போக்கில் கொள்ளையர்களின் சொல்லாகிவிட்டது. இன்று போலீஸ் ஒரு வீட்டை ‘ரான்சாக்’ செய்தது என்று நிருபர் எழுதினால் அது வெறும் தகவல் அல்ல, குற்றச்சாட்டு.

பெரிய பரப்புக்கு இரண்டு சொற்கள் தனியாக உண்டு: ‘ஸ்கவர்’, ‘கோம்’. காட்டை, கடற்கரையை, ஆவணக் காப்பகத்தை ‘ஸ்கவர்’ செய்வார்கள். பாத்திரம் துலக்குவதற்கும் இதே எழுத்தில்தான் ஒரு வினை இருக்கிறது, ஆனால் அது வேறு பிறப்பு. ஆகவே ‘தேய்த்துத் தேடுதல்’ என்று விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. கோம் என்பது சீப்பு. சீப்புப் பற்கள் போல இடைவெளி சிறிதாக, வரிசையாக நகர்வது. தமிழில் இதே வேலைக்குச் சல்லடையை எடுத்துக்கொண்டோம்: ‘சல்லடை போட்டுத் தேடினார்கள்.’ செய்தி மொழிபெயர்க்கும்போது ‘கோம்’ என்பதைச் ‘சீவித் தேடினார்கள்’ என்று எழுதாமல் சல்லடையை எடுப்பதே மரியாதை.

‘ஃப்ரிஸ்க்’ உடலுக்கு மட்டும்: உடைக்கு மேலாகக் கையைத் தட்டிப் பார்த்தல். துள்ளிக் குதிப்பது என்பதுதான் இதன் முதல் பொருள். ‘ஸ்கேன்’ கண்ணுக்கு. செய்யுளின் சீர் பிரிப்பதில் தொடங்கிய இந்தச் சொல், நுணுக்கமாகப் பார்ப்பது என்ற பொருளுக்கு வந்து, பிறகு மேலோட்டமாகக் கண்ணை ஓட்டுவது என்ற எதிர்ப்பொருளுக்கும் போய்விட்டது. எந்தப் பொருள் என்பதை முன்னும் பின்னும் வாசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## வேட்டை, தடம், மேய்ச்சல்

மிருகங்களிடமும் வேட்டைக்காரர்களிடமும் இருந்து ஆங்கிலம் கடன் வாங்கியவை நிறைய. முக்கியமானவற்றை மட்டும் பார்க்கலாம்.

1. ஹன்ட். ‘ஹன்ட் ஃபார்’ என்றால் ஆர்வத்தோடு நீண்ட நாள் தேடுவது. வீடு தேடுவது, வேலை தேடுவது எல்லாம் இதில் அடங்கும். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. ‘ஹன்ட் டவுன்’ என்றால் துரத்திப் பிடிப்பது, பெரும்பாலும் பகையோடு. வேலைக்கு ஆள் தேடும் நிறுவனம் ‘வீ ஹன்டட் டவுன் அவர் மேனேஜர்’ என்று எழுதினால் அந்த மேலாளர் பாவம்.

2. ட்ரேஸ், ட்ராக் டவுன். இரண்டிலும் தடயம் உண்டு. ட்ராக் டவுன் என்றால் தேடிக் கிடைத்தே விட்டது. ‘டவுன்’ வந்தாலே முடிவு வந்துவிட்டது. விசாரணையைக் குறிக்கும் ‘இன்வெஸ்டிகேட்’டுக்குள்ளும் ஒரு காலடித் தடம் ஒளிந்திருக்கிறது: லத்தீனில் ‘வெஸ்டிகியம்’ என்றால் காலடிச் சுவடு. தமிழில் ‘துப்பு’ கிடைத்தால்தான் விசாரணை நகரும் என்கிறோமே, கிட்டத்தட்ட அதே படம்.

3. ஃபெரட் அவுட். ஃபெரட் என்பது கீரி போன்ற சிறு பிராணி. முயல் வளைக்குள் அனுப்பி முயலை வெளியே துரத்தப் பழக்குவார்கள். மறைத்துவைத்த ரகசியத்தை விடாப்பிடியாக வெளியே கொண்டுவருவதற்கு இந்தச் சொல்.

4. ஃபாரேஜ். ஆதியில் கால்நடைத் தீவனம். இன்று உணவு தேடி அலைவது. எறும்பும் கரடியும் ஃபாரேஜ் செய்யும்.

5. ஃபிஷ் ஃபார். தூண்டில் போடுதல். பாராட்டைப் பிறர் வாயால் வரவழைக்கப் பேச்சை வளைப்பது ‘ஃபிஷிங் ஃபார் காம்ப்ளிமென்ட்ஸ்’. தமிழில் ‘போட்டு வாங்குவது’ இதற்கு மிக அருகில் வருகிறது.

ப்ரௌஸ் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. பிரெஞ்சில் இளந்தளிரைக் குறித்த சொல்லிலிருந்து வந்து, ஆடுமாடு தளிர்களைக் கடித்து மேய்வதைக் குறித்தது. அதிலிருந்து புத்தகத்தை அங்கங்கே புரட்டுவது, கடையில் வாங்கும் எண்ணமில்லாமல் பார்வையிடுவது, கடைசியில் இணையத்தில் உலாவுவது. குறிப்பிட்ட பொருள் எதுவும் மனதில் இல்லாத தேடல் இது. தமிழிலும் இதே உருவகம் யாரும் சொல்லித்தராமலே இருந்தது: ஆழ்ந்து படிக்காதவரை ‘நுனிப்புல் மேய்கிறார்’ என்கிறோம். ‘உலாவி’ என்று ப்ரௌசருக்குப் பெயர் வைத்தபோது ஆடு தப்பித்துவிட்டது. பேச்சில் ‘நெட்டில் மேய்ந்துகொண்டிருந்தேன்’ என்று அது திரும்பி வந்துவிட்டது.

## இருட்டில் கை துழாவும்போது

கண்ணுக்குத் தெரியாமல் கையால் தேடுவதற்கு மூன்று சொற்கள். இருட்டில் சுவிட்ச் எங்கே என்று தடவுவது ‘ஃபீல் ஃபார்’. பதற்றத்தில் பையில் சாவி கைக்கு அகப்படாமல் தடுமாறுவது ‘ஃபம்பிள் ஃபார்’. ஏதாவது கிடைக்குமா என்று துழாவுவது ‘க்ரோப் ஃபார்’. சரியான சொல் நாவுக்கு வராமல் தவிப்பதற்கும் ‘க்ரோப் ஃபார் வர்ட்ஸ்’ என்பார்கள்.

க்ரோப்பில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஃபாரை விட்டுவிட்டு ஒரு மனிதரை நாற்காலியில் உட்காரவைத்தால், சம்மதமில்லாமல் பாலியல் நோக்கோடு உடலைத் தொட்டதாக அர்த்தம். ‘இருட்டில் தோழியின் கையைத் தேடினான்’ என்று எழுத நினைத்தவர் ஒரு முன்னிடைச்சொல்லைத் தவறவிட்டால் குற்றப்பத்திரிகை எழுதியவர் ஆகிவிடுவார். சந்தேகம் இருந்தால் ‘ஃபீல் ஃபார்’ போதும்.

## தேடுபெட்டிக்குள் இடம் மாறிய நாற்காலி

இத்தனை நூற்றாண்டாக சர்ச் காப்பாற்றிவந்த விதி இப்போது ஆட்டம் காண்கிறது. காரணம், திரையில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி.

‘கூகுள்’ வினைச்சொல்லாகி, 2006-இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியிலும் மெரியம்-வெப்ஸ்டரிலும் ஏறியது. அது நாற்காலியைத் தேடப்படும் பொருளுக்கே கொடுக்கிறது: ‘கூகுள் த அட்ரஸ்’. இடத்தைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. இடம்தான் வினையின் பெயரிலேயே இருக்கிறதே. ஒருவரை ‘சர்ச்’ செய்தால் சட்டைப்பைச் சோதனை. ‘கூகுள்’ செய்தால் அவரைப் பற்றிய தகவல் தேடல். அவருக்குத் தெரியாமலே நடந்துவிடும்.

இந்தப் பழக்கம் சர்ச் என்ற சொல்லையும் தொற்றிக்கொண்டது. இணையதளப் பொத்தான்களில் ‘சர்ச் ஜாப்ஸ்’, ‘சர்ச் ஃப்ளைட்ஸ்’ என்று ஃபார் இல்லாமலே இருக்கும். பழைய விதிப்படி வேலைகளையும் விமானங்களையும் சோதனை போடச் சொல்கிறது அது. யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. பட்டியலே இடமாகவும் பொருளாகவும் ஆகிவிட்டதால் குழப்பம் எழுவதில்லை. அமெரிக்க இளம் பேச்சில் ‘சர்ச் இட் அப்’ என்ற புதுத் தொடரும் கேட்கிறது. லுக் அப்பும் சர்ச்சும் கலந்து பிறந்தது.

எழுதும்போது என்ன செய்வது? தேடுபெட்டியில் தட்டுவதைப் பற்றி நண்பருக்கு எழுதினால் ஃபார் இல்லாவிட்டாலும் குடி முழுகாது. மனிதர், வீடு, வண்டி, பை ஆகியவற்றோடு சர்ச் என்ற சொல்லை எழுதும்போது மட்டும் பழைய விதி முழு பலத்தோடு இருக்கிறது. நீதிமன்றத்திலும் செய்தியறையிலும் ‘சர்ச்ட் ஹிம்’ என்றால் இன்றும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஆள்தான்.